புகைக் குழாயில் போகும் பணம்

மோட்டார் சைக்கிளிலிருந்து அவசரமாக இறங்கி, கணைக்காலில் ஸைலன்ஸர் சூடு பட்டுக்கொள்ளாத ஒருவராவது இல்லாத குடும்பம் நம் ஊர்களில் அபூர்வம். சூடு பட்டவுடன் வீடே கூடிவிடும். ஒருவர் தோசை மாவைக் கொண்டுவருவார், இன்னொருவர் பற்பசையைக் கொண்டுவருவார், மூன்றாமவர், "பார்த்து இறங்கக்கூடாதா?" என்று உபதேசத்தைக் கொண்டுவருவார். (இம்மூன்றும் வேண்டியதில்லை. இருபது நிமிஷ நேரம் குழாய்த் தண்ணீரைக் காட்டுவதே சரியான முதல் சிகிச்சை.) காயம் ஆறித் தழும்பாகும் வரையில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. இத்தனை சூடு எங்கிருந்து வந்தது? அதற்குப் பணம் கொடுத்தவர் யார்?

பணம் கொடுத்தவர்கள் நாம்தான். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கும் சக்தியை மின்சார மீட்டர் காட்டும் கணக்கில் சொன்னால், ஏறக்குறைய 9 யூனிட். அதில் எஞ்சின் உள்ளபடியே சுழற்சியாக மாற்றுவது, எஞ்சின் மிக நன்றாயிருந்தால், 3 யூனிட். இன்னொரு 3 யூனிட் புகைக் குழாய் வழியாகச் சூடான ஆவியாக வெளியே போகிறது. பாக்கி ரேடியேட்டரிலும், எஞ்சினின் மேற்புறத்திலும், உராய்விலும் தொலைகிறது. பெட்ரோல் பங்க்கில் 300 ரூபாயை எண்ணிக் கொடுக்கிறவர் 100 ரூபாய்க்குப் பிரயாணம் செய்கிறார். 100 ரூபாயை ரேடியேட்டருக்குக் காணிக்கையாக்குகிறார். 100 ரூபாயை ரஸ்தாவில் போகிற காற்றைச் சூடாக்கத் தானம் செய்கிறார். இந்தத் தானத்தினால் அவருக்குப் புண்ணியம் உண்டோ இல்லையோ, காற்றுக்குப் பிரயோஜனம் இல்லை என்பது நிச்சயம்.

போகிற சூட்டைப் பிடித்து மறுபடியும் வேலை வாங்க முடியாதா?

சில மாதங்களுக்கு முன்பு ஒரு பள்ளிக்கூடத்துப் பொருட்காட்சிக்குப் போயிருந்தோம். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பழைய மொபெட் ஸைலன்ஸர் ஒன்றை மின்சார அடுப்பின் மேல் கிடத்தியிருந்தான். அதன்மேல் ஒரு தட்டையான இரும்புத் துண்டு. இரும்பின்மேல் நாலு சென்டிமீட்டர் சதுரமுள்ள ஒரு வெள்ளைத் தகடு. தகட்டின்மேல் ஐஸ் கட்டிகள் மிதக்கும் ஓர் அலுமினியப் பாத்திரம். வெள்ளைத் தகட்டிலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு கம்பிகள் புறப்பட்டு ஒரு சின்ன விளக்குக்குப் போயின. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாட்டரி கிடையாது, டைனமோ கிடையாது, சுழலுகிற, அசைகிற, சத்தம் போடுகிற வஸ்து எதுவுமே கிடையாது.

கூடியிருந்த பெற்றோர்களில் ஒரு கனவான், "இனிமேல் பெட்ரோல் செலவு பாதிதான்!" என்றார். அவர் அருகில் நின்றவர் இன்னும் விவரம் தெரிந்தவர் போல் குரலைத் தாழ்த்தி, "இதையெல்லாம் பெரிய கம்பெனிக்காரர்கள் வெளியே வர விடமாட்டார்கள், ஸார்" என்றார். இருவரும் பரம திருப்தியுடன் அடுத்த மேஜைக்கு நகர்ந்தார்கள். அவர்கள் நகர்ந்த சிறிது நேரத்துக்கெல்லாம் ஐஸ் கரைந்து தண்ணீர் வெதுவெதுப்பாயிற்று. விளக்கு மங்கத் தொடங்கியது. பையன் அலட்டிக்கொள்ளாமல் ஒரு டம்ளரால் தண்ணீரை மொண்டு கொட்டிவிட்டுப் புதிய ஐஸ் போட்டான். விளக்கு மறுபடியும் பிரகாசமாயிற்று.

பையன் காட்டியது உண்மையான வித்தை. கனவான்கள் சொன்ன இரண்டுமே பிசகு. எப்படிப் பிசகு என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், நேயர்கள் நம்முடன் இருநூறு வருஷம் பின்னால் சென்று பெர்லின் நகரத்துக்கு வரவேண்டும்.

தாமஸ் ஜோஹான் ஸீபெக் என்பவர் 1770-ம் ஆண்டில் ரேவல் நகரத்தில் பிறந்தார். எஸ்தோனியாவின் தலைநகரான தாலின்தான் அக்காலத்தில் ரேவல். வசதியுள்ள வர்த்தகக் குடும்பம். வைத்தியம் படித்தார், ஆனால் நாடி பார்ப்பதைவிட ஒளியையும் காந்தத்தையும் பார்ப்பதிலேயே அவருக்கு ருசி அதிகம். மகாகவி கெதேயின் சிநேகிதர். கெதே நிறங்களைப் பற்றி ஆராய்ந்தபோது உடனிருந்து உதவியவர். 1820-ல் கோபன்ஹேகனில் ஓர்ஸ்டெட் என்பவர், மின்சாரம் ஓடும் கம்பிக்கு அருகில் காந்த ஊசி திரும்புகிறது என்று கண்டு சொன்னார். அதன் பிறகு ஐரோப்பாவிலிருந்த விஞ்ஞானிகளில் பாதிப் பேர் கம்பியும் காந்த ஊசியும் கையுமாகத் திரிந்தார்கள். ஸீபெக்கும் அவர்களில் ஒருவர்.

1821-ல் அவர் ஒரு செம்புப் பட்டையையும் பிஸ்மத் என்னும் உலோகத் துண்டையும் இரண்டு முனைகளிலும் சேர்த்து ஒரு வளையமாக்கி, நடுவில் காந்த ஊசியை வைத்தார். ஒரு சந்திப்பு மட்டும் கொஞ்சம் சூடானபோது ஊசி திரும்பியது. கையால் பிடித்திருந்த சூடே அதற்குப் போதுமாயிருந்தது! வளையத்தில் மின்சாரம் ஓடியிருக்கிறது என்று இன்று பள்ளிக்கூடப் பையன் சொல்லிவிடுவான். ஸீபெக் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. உஷ்ண வித்தியாசம் உலோகத்தை நேரடியாகக் காந்தமாக்குகிறது என்றே சாதித்தார். பூமிக்குக் காந்த சக்தி இருப்பதே, நடுப்பகுதி சூடாகவும் துருவங்கள் குளிர்ந்தும் இருப்பதால்தான் என்றுகூட ஒரு சித்தாந்தம் கட்டினார். ஓர்ஸ்டெட்தான் அது மின்சாரம் என்று கண்டு, உஷ்ணமின்சாரம் என்ற பொருளில் பெயர் வைத்தார். கண்டுபிடித்தவருக்குத் தாம் கண்டுபிடித்தது இன்னதென்று தெரியாமற்போனது விஞ்ஞானத்தில் புதிதல்ல. ஆனால் பிறர் சொன்ன பிறகும் தெரியாமற்போவது கொஞ்சம் வருத்தமான விஷயந்தான்.

இதில் இன்னொரு விசித்திரம் இருக்கிறது. ஸீபெக் பிஸ்மத்தோடு நிற்காமல் எத்தனையோ பொருள்களைச் சோதித்துப் பட்டியல் போட்டார். அந்தப் பட்டியலிலிருந்தே இரண்டு பொருள்களைப் பொறுக்கிச் சரியாகச் சேர்த்திருந்தால், சூட்டில் நூற்றுக்கு 3 பங்கை மின்சாரமாக்கியிருக்கலாம் என்றும், அன்றைய நீராவி யந்திரங்களுக்கு அது சளைத்ததல்ல என்றும் ருஷ்ய விஞ்ஞானி யோஃபே பிற்காலத்தில் கணக்கிட்டுச் சொன்னார். பாரடேயின் டைனமோ தத்துவம் வெளிவந்தது 1831-ல். அதற்குப் பத்து வருஷம் முன்னதாகவே சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் சாவி ஸீபெக்கின் மேஜை மேல் கிடந்திருக்கிறது. அதே 1831-ல் அவர் காலமானார்.

1834-ல் பழுதற்ற எதிர்க்கதை ஒன்று பிரான்ஸில் நடந்தது. கடிகாரம் செய்யும் தொழிலை விட்டு விஞ்ஞானத்துக்கு வந்த பெல்ட்டியே என்பவர், இதேபோன்ற சந்திப்பில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஒரு பக்கம் சூடாகவும் மறு பக்கம் குளிர்ச்சியாகவும் ஆகிறதென்று கண்டார். சூடு கொடுத்தால் மின்சாரம். மின்சாரம் கொடுத்தால் சூடும் குளிர்ச்சியும். ஒரே வாசல், போகவும் வரவும் வழி. சென்னை ரிச்சி தெருக் கடைகளில் 'பெல்டியர் தகடு' என்று கேட்டால் கிடைப்பது இந்த வாசல்தான். பொருட்காட்சிப் பையன் வைத்திருந்ததும் அதுவே.

அந்த வெள்ளைத் தகட்டைப் பிளந்து பார்த்தால் உள்ளே என்ன இருக்கும்? இரண்டு பீங்கான் பலகைகளுக்கு நடுவில், சதுரங்கக் கட்டங்களைப் போல வரிசையாகச் சிறுசிறு கறுப்புத் தூண்கள் நிற்கும். பெரும்பாலும் பிஸ்மத் டெல்லுரைட் என்னும் பொருள். 1954-ல் இங்கிலாந்தில் கோல்ட்ஸ்மிட், டக்ளஸ் என்ற இருவர் இதன் சக்தியை எடுத்துக் காட்டினார்கள். தூண்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் எலெக்ட்ரான்கள் மிகுதி. மற்றதில் எலெக்ட்ரான் இருக்க வேண்டிய இடங்கள் சில காலி. கல்யாணப் பந்தியில் ஓர் இலை காலியாயிருந்து, பக்கத்திலிருப்பவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்து உட்கார்ந்தால், ஆட்கள் ஒரு பக்கம் நகர, காலி இலை எதிர்ப் பக்கம் நகருவதுபோல் தோன்றும் அல்லவா? அதுபோல அந்தக் காலியிடங்களும் பிரயாணம் செய்கின்றன. கோடை மத்தியானத்தில் வெயில் அடிக்கும் திண்ணையை விட்டு ஜனங்கள் நிழலுக்கு ஒதுங்குகிறமாதிரி, ஒரு ஜாதித் தூணில் எலெக்ட்ரான்களும், மறு ஜாதித் தூணில் காலியிடங்களும் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு ஒதுங்குகின்றன. இரண்டையும் மாற்றி மாற்றிக் கோத்துவிட்டால் மின்சாரம் ஒரே திசையில் ஓடுகிறது. 100 டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு ஜோடி தருவது ஒரு வோல்ட்டில் ஏறக்குறைய 25-ல் ஒரு பங்கு. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் தகட்டில் 127 ஜோடிகள் இருக்கின்றன. ஆகவே எல்லாம் சேர்ந்து 5 வோல்ட்.

"100 டிகிரி வித்தியாசம்" என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும். ஐஸ் கரைந்ததும் விளக்கு மங்கிய மர்மம் அதில்தான் இருக்கிறது. மேட்டூரில் தண்ணீர் எவ்வளவு தேங்கி நின்றாலும் பள்ளத்தில் விழுந்தால்தான் யந்திரம் சுழலும். உஷ்ணமும் அப்படியே. 1824-ல் ஸாடி கார்னோ என்ற பிரெஞ்சு இளைஞர் எழுதிய சிறு புத்தகத்தில், உஷ்ணம் வேலை செய்வதை நீர் விழுவதற்கே ஒப்பிட்டிருந்தார். புகைக் குழாயின் சூடு 500 டிகிரி, எதிர்ப்பக்கத்தில் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் 100 டிகிரி என்று வைத்துக்கொண்டால், எவ்வளவு உயர்ந்த யந்திரத்தைப் பூட்டினாலும் நூற்றுக்கு 52 பங்குக்கு மேல் வேலையாக மாறாதென்பது அவர் வழிவந்த கணக்கு. அது தெய்வமே வந்தாலும் தாண்ட முடியாத வரம்பு. மனிதர்கள் செய்த தகடுகள் அந்த வரம்புக்கு வெகு தூரம் கீழேயே நின்றுவிடுகின்றன. ஏன்?

காரணத்தை நம் வீட்டுக் காப்பியிலேயே காணலாம். வெள்ளி டம்ளரில் சுடச்சுடக் காப்பியை ஊற்றிக் கையில் எடுத்தால் விரல் பொறுக்காது. பித்தளைக் கரண்டிக்கு மரப்பிடி போட்டிருப்பது எதற்காக? மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்தும் உலோகம் உஷ்ணத்தையும் தாராளமாகக் கடத்துகிறது. மரம் இரண்டையும் தடுக்கிறது. உலோகங்களில் இவ்விரண்டு குணங்களும் சேர்ந்தே போகின்றன என்பதை 1853-ல் வீட்மன், ஃப்ரான்ஸ் என்ற ஜெர்மானியர்கள் அளந்து காட்டினார்கள். நமக்கு வேண்டியதோ இரண்டுங்கெட்டான் பொருள் ஒன்று. மின்சாரத்துக்கு அது வெள்ளி டம்ளராக இருக்கவேண்டும். உஷ்ணத்துக்கு மரப்பிடியாக இருக்கவேண்டும். உஷ்ணம் சுலபமாகக் கடந்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே சூடாகி, வித்தியாசம் போய், விளக்கும் போய்விடும். மின்சாரம் கடக்காவிட்டால் உண்டானதும் உள்ளேயே சூடாகிச் செத்துவிடும்.

இயற்கை ஒன்றாய்க் கட்டிவைத்த இரண்டைப் பிரிப்பதற்குத்தான் விஞ்ஞானிகள் எழுபது, எண்பது வருஷங்களாகப் பாடுபடுகிறார்கள். 1995-ல் ஸ்லாக் என்ற அமெரிக்கர், மின்சாரத்துக்குப் படிகமாகவும் உஷ்ணத்துக்குக் கண்ணாடியாகவும் இருக்கும் பொருள் வேண்டும் என்று இலக்கணம் வகுத்தார். அந்த இலக்கணத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்துவது ஸ்கட்டருடைட் என்னும் கனி வகை; நார்வேயில் ஸ்கட்டெருட் என்ற சுரங்க ஊரின் பெயரால் வந்தது. அதன் அணுக்கள் கூடு கூடாக அமைந்திருக்கின்றன. ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் வேறு ஒரு கனமான அணுவைப் போட்டுவிட்டால், அது சதங்கைக்குள் பரல் போலக் குலுங்கிக்கொண்டே இருக்கும். உஷ்ணம் என்பது அணுக்களின் நடுக்கந்தானே? கடந்து செல்லும் நடுக்கத்தை இந்தக் குலுக்கல் சிதறடித்துவிடுகிறது. எலெக்ட்ரான்களோ இதைப் பொருட்படுத்தாமல் போய்விடுகின்றன. சென்னையில் ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில், தூள் உலோக ஆராய்ச்சிக்கான மத்திய ஸ்தாபனத்தின் மோட்டார் வாகனப் பிரிவு இருக்கிறது. அங்கேயும் இந்த ஸ்கட்டருடைட்டை ஆராய்ந்திருக்கிறார்கள்.

மோட்டார் வண்டிக்கு வருமுன் மண்ணெண்ணெய் விளக்கு ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. மேலே சொன்ன யோஃபேயின் வழியில் சோவியத் நாட்டில் 1950-களில் ஒரு விளக்குச் செய்தார்கள். சாதாரணத் தொங்கு விளக்கு. அதன் சிம்னிக்கு மேலே பூவிதழ்போல் உலோகச் சிறகுகள் சூழ்ந்திருக்கும். சிம்னியின் சூடு உள்ளே, அறைக் காற்றின் குளிர்ச்சி வெளியே. நடுவில் உஷ்ணமின்சாரத் தூண்கள். அந்த மின்சாரத்தில், கம்பி எட்டாத கிராமங்களில் ரேடியோப் பெட்டி பாடியது. விளக்கு எப்படியும் எரியத்தான் போகிறது. வீணாய்ப் போகும் சூட்டில் சங்கீதம் லாபம். அதற்கும் முன்னால், யுத்த காலத்தில் காடுகளில் மறைந்திருந்து போராடிய ருஷ்யர்கள், அடியில் இத்தகைய சந்திப்புகள் வைத்த பாத்திரத்தை நெருப்பின்மேல் தொங்கவிட்டுக் கம்பியில்லாத் தந்திக் கருவியை இயக்கினார்களாம். பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கும். ஆகவே எதிர்ப்பக்கம் 100 டிகிரிக்கு மேல் போகாது. எத்தனை எளிய யுக்தி!

சூடு எங்கே வேண்டாததோ, மின்சாரம் எங்கே சிறிதளவே போதுமோ, வேறு வழி எங்கே இல்லையோ, அங்கே இந்தக் கருவி ராஜா. மோட்டார் வண்டியில் முதல் நிபந்தனை மட்டுமே நிறைவேறுகிறது. மற்ற இரண்டும் இல்லை.

முயற்சிக்குக் குறைவில்லை. மோட்டார் புகைக் குழாயில் உஷ்ணமின்சாரக் கருவியைப் பொருத்திப் பார்த்த செய்தி 1963-லேயே அச்சாகியிருக்கிறது. 1988-ல் ஜெர்மனியில் போர்ஷே 944 வண்டியின் புகைக் குழாயில் வைத்த கருவி சில பத்து வாட் கொடுத்தது. 1998-ல் ஜப்பானிய நிஸ்ஸான் கம்பெனியார், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மேடு ஏறும் நிலையில், தங்கள் கருவி ஏறக்குறைய 36 வாட் தந்ததாக அறிவித்தார்கள். 2004-ல் அமெரிக்க எரிசக்தி இலாகா பெரிய அளவில் பணம் ஒதுக்கி, எரிபொருள் செலவில் நூற்றுக்கு 10 பங்கு மிச்சம் என்று குறி வைத்தது. 2011-ல் தொடங்கிய அடுத்த திட்டத்தில் அந்தக் குறி 5 ஆயிற்று. பி.எம்.டபிள்யூ., போர்ட் முதலிய கம்பெனிகளின் வண்டிகளில் வைத்த கருவிகள் சில நூறு வாட் வரையில் தந்தன. ஆகவே, 'கம்பெனிக்காரர்கள் வெளியே வர விடமாட்டார்கள்' என்று குரலைத் தாழ்த்திச் சொன்ன கனவானுக்கு நம் பதில் இதுதான்: கம்பெனிக்காரர்கள் தாங்களே பணம் போட்டுப் பல வருஷம் தலையை உடைத்துக்கொண்டார்கள்.

மற்றக் கனவானின் 'பாதிச் செலவை' இனி வீட்டுக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். காகிதமும் பென்சிலும் இருந்தால் போதும்.

ஒரு லிட்டரில் புகைக் குழாய் வழியே போகும் 3 யூனிட்டில் பாதியைத் தகடுகள் பற்றிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். மீதி ஆவியோடு போய்விடும். எல்லாவற்றையும் பற்ற வேண்டுமானால் குழாயை அடைத்துவிட வேண்டியதுதான். பற்றிய ஒன்றரை யூனிட்டில் நூற்றுக்கு 5 பங்கு மின்சாரமாகும். ஆக, 0.075 யூனிட். 10 வாட் விளக்கு ஒன்று ஏழரை மணி நேரம் எரியும்.

"இவ்வளவுதானா?" என்று பென்சிலைக் கீழே வைத்துவிட வேண்டாம். அந்த 0.075 யூனிட் மின்சாரத்தை வண்டியின் டைனமோ உண்டாக்க வேண்டுமானால் எவ்வளவு பெட்ரோல் எரியும்? எஞ்சின் மூன்றில் ஒரு பங்கைத்தான் சுழற்சியாக்கும். டைனமோ அந்தச் சுழற்சியில் நூற்றுக்கு 60 பங்கு போலத்தான் மின்சாரமாக்கும். ஐந்துக்கு ஒன்று என்று ஆகிறது. ஆகவே 9 யூனிட்டில் 0.375 யூனிட் மிச்சம். அதாவது 100 லிட்டருக்கு 4 லிட்டர். பாதிச் செலவு அல்ல. ஆனாலும் இலட்சக்கணக்கான வண்டிகள் ஓடும் தேசத்தில் நூற்றுக்கு நாலு என்பது அலட்சியம் செய்யக்கூடியதும் அல்ல.

இது காகிதத்தில் வந்த நாலு. ரஸ்தாவில் இறங்கியதும் பங்காளிகள் வந்துவிடுகிறார்கள். கருவியும் அதன் குழாய்களும் சில கிலோ எடை; அதையும் எஞ்சின்தான் சுமக்க வேண்டும். புகை போகும் வழியில் சூட்டைப் பற்றுவதற்காக இடையிடையே சிறகுகள் வைத்தால் புகை தங்குதடையில்லாமல் போகாது. எஞ்சின் தன் மூச்சைத் தானே முட்டித் தள்ள வேண்டியிருக்கும். தகட்டின் குளிர்ந்த பக்கத்துக்கு வரும் சூட்டை மறுபடியும் ரேடியேட்டர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்; ஏற்கனவே மேட்டில் பெருமூச்சு விடும் ரேடியேட்டருக்கு இது கூடுதல் பாரம். நகரத்தில் சிவப்பு விளக்குக்குச் சிவப்பு விளக்கு நின்று நின்று போகும் வண்டியில் குழாய் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை. நெடுஞ்சாலையில் வேகமாகப் போனாலோ சூடு அளவு மீறித் தகட்டின் பற்றாசு உருகிவிடும். ஆகவே அபாயமான சூட்டை வேறு வழியில் திருப்பிவிட ஒரு கதவு வேண்டும். அந்தக் கதவுக்கு ஒரு மோட்டார் வேண்டும். தினம் பத்து தடவை சூடாகிக் குளிர்வதால் தூண்கள் விரிந்து சுருங்கி, ஒட்டிய இடத்தில் வெடிப்பு விடுகின்றன. 127 ஜோடிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை அல்லவா? ஒன்று விட்டால் எல்லாம் விட்டது. போதாக்குறைக்கு, டெல்லூரியம் பூமியின் மேலோட்டில் தங்கத்தைப்போல் அருமையாகக் கிடைக்கும் பொருள்; செம்பைச் சுத்தம் செய்யும்போது கழிவிலிருந்து சிறிது சிறிதாக எடுக்கிறார்கள்; சூரிய ஒளித் தகடு செய்கிறவர்களும் அதற்குப் போட்டிக்கு நிற்கிறார்கள்.

இத்தனை பங்காளிகளும் தங்கள் பாகத்தை வாங்கிக்கொண்ட பிறகு காகிதத்து நாலில் ஒன்றோ இரண்டோ மிஞ்சினால் அதிர்ஷ்டம். அந்த ஒன்றுக்காக வண்டியின் விலையில் எவ்வளவு ஏற்றலாம் என்பதில்தான் கம்பெனிகள் பின்வாங்கின. சதிக்கு இங்கே இடமே இல்லை. வெறும் வரவு செலவுதான்.

மேலும், புகைக் குழாயின் சூட்டுக்கு ஏற்கனவே ஒரு பழைய பாத்தியதைக்காரர் இருக்கிறார். ஸ்விட்ஸர்லாந்தைச் சேர்ந்த பூக்கி என்பவர் 1905-லேயே காப்புரிமை பெற்ற டர்போ யந்திரம், வெளியே போகும் ஆவியைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி எஞ்சினுக்கு அதிகக் காற்றை ஊட்டுகிறது. நம் லாரிகளிலும் பஸ்களிலும் கேட்கும் மெல்லிய விசில் சத்தம் அதனுடையதுதான். பெரிய கப்பல்களில் புகைப் போக்கியின் சூட்டில் கொதிகலன் வைத்து நீராவி எடுக்கிறார்கள். முதல் பந்தியில் இவர்கள் உட்கார்ந்து எழுந்த பிறகு, மிச்சத்துக்குத்தான் உஷ்ணமின்சாரத் தகடு இலை போட வேண்டியிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், மோட்டார் வண்டிக்குள் இந்தத் தகடு நுழையவில்லை என்று நினைத்தால் அதுவும் தவறு. புகைக் குழாயில் இடம் கிடைக்காத அது, ஆசனத்துக்குள் புகுந்துகொண்டது. விலையுயர்ந்த கார்களில் சிலவற்றில், உட்காருகிறவர்களின் முதுகுக்குக் குளிர்ச்சி தரும் ஆசனத்தின் உள்ளே இருப்பது பெல்ட்டியேயின் வாசல்தான். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வந்த கருவி, மின்சாரத்தைச் செலவழிக்கும் வேலையில் உத்தியோகம் பெற்றது! சுகத்துக்குக் கொடுக்கும் விலையைச் சிக்கனத்துக்குக் கொடுக்க மனிதர்கள் முன்வருவதில்லை. இதில் கம்பெனிகளை மட்டும் குறை சொல்லுவது நியாயமாகாது.

பெட்ரோல் எஞ்சினே இல்லாத மின்சார வண்டிகள் இன்று வீதிகளில் பெருகிவருகின்றன. அவற்றில் புகைக் குழாயும் இல்லை. வீணாகும் பெருஞ்சூடும் இல்லை. ஆகவே கார்களைப் பொறுத்தவரையில் இந்தக் கல்யாணம் நிச்சயதார்த்தத்தோடு நின்றுவிட்டதென்றே நமக்குத் தோன்றுகிறது. ஆனால் இரவு பகலாக ஒரே கதியில் ஓடும் யந்திரங்களின் விஷயம் வேறு. 2012-ஐ ஒட்டிய மின்வெட்டு நாட்களில் தமிழ்நாட்டுக் கடைவீதிகளில் வாசலுக்கு ஒரு டீஸல் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கலாம். அத்தகைய யந்திரம் சிவப்பு விளக்குக்கு நிற்பதில்லை, மேடு ஏறுவதில்லை, எடை கூடினால் கவலைப்படுவதில்லை. உருக்கு ஆலைகளும் கண்ணாடி உலைகளும் அப்படியே. தகட்டுக்கு எதிர்காலம் இருந்தால் இத்தகைய இடங்களில் இருக்கலாம். அங்கேயும் நீராவிக்குப் போதாத மிச்சச் சூட்டில்தான்.

வேறு வழி இல்லாத இடத்தில் அது எப்படி உழைக்கிறது என்பதற்கு 1977-ல் புறப்பட்ட இரண்டு வாயேஜர் விண்கலங்களே சாட்சி. சூரிய ஒளி பயன்படாத தூரத்துக்குப் போகவேண்டியவை அவை. புளூட்டோனியம் தானாகச் சிதைவதால் உண்டாகும் சூட்டில், ஸிலிக்கன் ஜெர்மானியத் தூண்கள் மின்சாரம் தருகின்றன. புறப்படும்போது ஒவ்வொன்றுக்கும் 470 வாட். வீட்டு மிக்ஸி ஓடும் அளவு. வருஷத்துக்கு ஏறக்குறைய 4 வாட் குறைந்துகொண்டே வருகிறது. அதற்கேற்பப் பூமியிலிருந்து ஒவ்வொரு கருவியாக நிறுத்திக்கொண்டு வந்தார்கள். 2025-ம் ஆண்டிலும் இரண்டும் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தன. நாற்பத்தெட்டு வருஷம், எண்ணெய் போடாமல், ரிப்பேர் செய்யாமல், மெக்கானிக் முகத்தைப் பார்க்காமல்! நம் வண்டிகளில் எந்தப் பாகமாவது இப்படி உழைத்ததுண்டா?

பொருட்காட்சி முடியும் நேரத்தில் அந்தப் பையனிடம் திரும்பிப் போனோம். அவன் மேஜையில் ஒரு நோட்டுப் புத்தகம் கிடந்தது. 'சூடு', 'குளிர்', 'வோல்ட்' என்று மூன்று பத்தி போட்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவையாகக் காலை முதல் எழுதி வைத்திருந்தான். நடுவில் ஓரிடத்தில் இரண்டு வரி காலியாயிருந்தது.

"இது என்ன, தம்பி?" என்று கேட்டோம்.

"அப்போ சாப்பிடப் போயிட்டேன், ஸார்."

பெட்ரோல் செலவு பாதியாகுமாமே என்று அந்தக் கனவான் சொன்னதை ஞாபகப்படுத்தினோம். பையன் கொஞ்சம் கூச்சப்பட்டான். "அதெல்லாம் இல்லை, ஸார். இந்த அடுப்பு ஆயிரம் வாட். லைட்டுக்குப் போறது கால் வாட்டுகூட இல்லை" என்றான். பிறகு அலுமினியப் பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஐஸ் வாங்கவே அறுபது ரூபாய் ஆயிட்டுது. அடுத்த வருஷம் ஐஸ் இல்லாமல் எரிய வைக்கணும்" என்று சொல்லிக்கொண்டே, மிச்சமிருந்த கட்டிகளைப் பாத்திரத்தில் கொட்டினான்.